காற்று அளக்காத ஓட்டம்

என் வேலை காற்றை அளப்பது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை யாராவது என்னைத் தேடி வந்தால், "எங்க வீட்டம்மா காத்து பிடிக்கப் போயிருக்காங்க" என்பார். பிடிப்பதில்லை, அளப்பது என்று திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்துவிட்டது.

வார நாட்களில் நான் எடையளவு அலுவலகத்தில் ஆய்வாளர். சந்தைக்குள் நான் நுழைந்தால் கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். கிலோவுக்கு ஐந்து கிராம் குறைந்தாலும் தராசைக் கட்டி முத்திரை வைத்துவிட்டுத்தான் மறு வேலை. எனக்குக் கடுகடுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

விடுமுறை நாட்களில் அதே குணத்தோடு ஓட்டப்பந்தய மைதானத்துக்குப் போவேன். அங்கே ஐம்பது மீட்டர் கோட்டில், முதல் லேனை ஒட்டி, என் நெஞ்சுயர முக்காலியின் மேல் ஒரு குழாய் இருக்கும். கீழே பொத்தான் வைத்த ஒரு பெட்டி. நூறு மீட்டர் ஓட்டத்துக்குத் துப்பாக்கி வெடித்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். பத்து விநாடி கழித்துக் காற்றின் வேகம் எண்ணாக வரும். பின்னாலிருந்து தள்ளும் காற்று விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போனால், ஜெயித்தது ஜெயித்ததுதான், ஆனால் சாதனை என்று எழுத முடியாது. புதிய கருவிகளைத் துப்பாக்கியோடு கம்பியால் இணைத்துவிடுகிறார்கள், அவை தானாக ஓடும். எங்கள் மைதானத்துக் கருவி பழசு. அதற்கு என் விரல் வேண்டும்.

அழுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. சத்தம் என் காதுக்கு வந்து சேர்வதற்குள் ஓட்டம் தொடங்கிவிடும். அதனால் துப்பாக்கிக்காரர் கையைப் பார்த்து, புகை தெரிந்த கணத்தில் அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு, குழாய்க்கு முன்னால் எவனாவது தண்ணீர் பாட்டிலோடு குறுக்கே வருகிறானா என்று காவல் காக்க வேண்டும். ஆக, ஓட்டத்தை நான் பார்ப்பதே இல்லை. மைதானத்திலேயே நல்ல இடத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லோருடைய முதுகையும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவள் நான் ஒருத்திதான்.

தீக்குச்சி முதன்முதலில் என்னைத் தாண்டி ஓடியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. கை கால் எல்லாம் குச்சி குச்சியாக இருந்ததால் அவளுடைய அக்கா வைத்த பெயர் அது. அக்காவே பயிற்சியாளர். முன்பு தடை தாண்டி ஓடிக்கொண்டிருந்தவள், முழங்கால் போனதும் தங்கையை ஓடவைக்க ஆரம்பித்தாள். குரல் என்றால் குரல், ஒலிபெருக்கிக்காரரே பொறாமைப்படுவார்.

அன்றைக்குப் பந்தயம் முடிந்ததும் அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தாள். ஓடுகிறவர்களோடு நாங்கள் பேசக் கூடாது. அது அவளுக்குத் தெரியுமா?

"இது என்ன அக்கா?"

"காத்தை அளக்குறது."

"எதுக்கு?"

"காத்து உன்னைத் தள்ளிவிட்டா அது உன் வேகம் இல்லைல்ல. அதுக்கு."

கொஞ்ச நேரம் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "அப்ப நான் எவ்வளவு ஓடினேன்னு உங்களுக்குத்தான் சரியா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவள்தான்.

அதற்குப் பிறகு அவளைக் காதால் வளர்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஓடுகளத்தின் ரப்பர் தரையில் ஸ்பைக்ஸ் ஷூவின் ஆணிகள் படும் சத்தம் ஒவ்வொருத்திக்கும் ஒரு மாதிரி. சிலர் குத்துவார்கள், சிலர் தேய்ப்பார்கள். தீக்குச்சியின் கால் தரையைத் தொட்டதும் சுட்டுவிட்டதுபோல எழுந்துவிடும். என்னைத் தாண்டும் இடத்தில் சரியாக "ஹ்ம்" என்று ஒரு மூச்சு விடுவாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எட்டுப் பேரில் அவள் எந்த லேன் என்று சொல்லிவிடுவேன். பதினேழு வயதில் இளையோர் பட்டம். பத்தொன்பதில் நாட்டிலேயே முதல் இடம். அதற்கப்புறம் அந்த இடத்தை அவள் யாருக்கும் விடவில்லை.

எட்டாமல் இருந்தது ஒன்றே ஒன்று. நூறு மீட்டரில் நாட்டின் சாதனை: பதினொன்று புள்ளி இரண்டு பூஜ்யம். அவள் பொம்மை வைத்து விளையாடிய வயதில் யாரோ ஓடி வைத்துவிட்டுப் போன நேரம்.

இருபத்திரண்டு வயதில் அதை உடைத்தாள். பதினொன்று புள்ளி ஒன்று ஆறு. மைதானமே எழுந்து நின்றது. என் பெட்டியில் வந்த எண் இரண்டு புள்ளி மூன்று. இருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், அது மாறுவதாக இல்லை. சொன்னேன். அக்காக்காரி அன்றைக்கு என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. "உங்க கை விளங்குமா" என்பது அதில் மிகவும் மரியாதையான பகுதி. தீக்குச்சி மட்டும் எண் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு ஸ்பைக்ஸைக் கழற்ற உட்கார்ந்தாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருபத்தைந்தில் பின்தொடைத் தசை கிழிந்தது. ஒரு வருஷம் ஊன்றுகோலும் மருத்துவமனையும். திரும்பி வந்தாள், மறுபடி அதே இடத்தில் கிழிந்தது. முடிந்தது கதை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். இருபத்தெட்டில் மறுபடி வந்து நின்றாள். வெளிநாட்டில் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினாள். பெண்ணா, இரும்பா என்று நானே வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. மற்றவர்கள் முன்னால் கேட்டால் நடுவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்பார்கள்.

முப்பத்தொன்றாவது வயதில் அறிவித்தாள், இந்தத் தேசியப் போட்டியோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று. காலையில் அரையிறுதி, மாலையில் இறுதி. சாதனைக்கு அந்த இரண்டு ஓட்டங்கள்தான் பாக்கி.

அன்று காலை மைதானத்தில் இலை அசையவில்லை. கம்பத்தில் கொடி துவண்டு தொங்கியது. மாலையில் இந்த ஊரில் காற்று எப்படி வேண்டுமானாலும் அடிக்கும். அதனால் அக்காக்காரி கணக்குப் போட்டிருந்தாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கத்தியது எனக்கே கேட்டது. "மிச்சம் வைக்காதே. இப்பவே போட்டுடு. சாயந்திரத்தை யார் கண்டா?"

முதல் அரையிறுதிக்குக் காற்று புள்ளி நான்கு. எழுதிக்கொடுத்தேன். இரண்டாவதற்கு எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். தீக்குச்சிக்கு இரண்டாவது லேன், என்னிடமிருந்து கை நீட்டினால் எட்டிவிடும் தூரம். நான் துப்பாக்கிக்காரரைப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கினார். பெண்கள் குனிந்தார்கள்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இனிமேல் இவளை எப்போது பார்க்கப் போகிறோம்? பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது இவள் ஓடிப் பார்த்திருக்கிறோமா? ஒரே ஒரு தடவை.

பார்த்தேன்.

அவள் கிளம்பினாள், வந்தாள், என்னைத் தாண்டிப் போனாள். வாயில் ஈ போனால்கூடத் தெரிந்திருக்காது. கூட்டத்தின் இரைச்சல் எங்கிருந்தோ வந்து காதில் மோதியபோதுதான் திரும்பினேன். எண் பலகையில் பதினொன்று புள்ளி ஒன்று மூன்று. ஒலிபெருக்கிக்காரருக்குக் குரல் உடைந்துவிட்டது. அக்காக்காரி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நானும் கை தட்டப் போனேன். தட்டப் போன கையைப் பார்த்தேன். பிறகு பெட்டியைப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள்.

நான் அழுத்தவில்லை.

வாக்கி டாக்கியில் தலைமை நடுவரின் குரல் வந்தது. "நூறு மீட்டர், அரையிறுதி ரெண்டு. காத்து எவ்வளவுங்க?"

எனக்கு அந்தப் பக்கம் நீளம் தாண்டுதலுக்குக் காற்று பார்க்கிற ஆள் உட்கார்ந்திருந்தார். மணல்குழிக்காரர் என்போம், நல்ல மனுஷர். என் பெட்டியை எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"புள்ளி அஞ்சுன்னு சொல்லிடுங்க அக்கா. கொடியைப் பாருங்க, காத்தே இல்லை. நிஜத்துலயும் அவ்வளவுதான் இருந்திருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவ்வளவுதான் இருந்திருக்கும். தாளில் பின்காற்றுக்கான கூட்டல் குறி போட்டேன். பூஜ்யம் போட்டேன். புள்ளியும் வைத்துவிட்டேன். பேனா அங்கே நின்றுவிட்டது.

நியாயம் தர்மம் என்று பெரிதாக எதுவும் அப்போது தோன்றவில்லை. ஒன்பது வருஷம் முன்பு நான் சொன்ன இரண்டு புள்ளி மூன்றுதான் ஞாபகம் வந்தது. இன்று மனசுக்குப் பட்டதை எழுதினால், அன்று எழுதியதும் மனசுக்குப் பட்டதுதான் என்றாகிவிடும். அந்த எண்ணை நம்பித்தானே அவள் தலையை ஆட்டினாள். அதோடு, அவள் ஓடியது முழுக்க அவளுடையது. அதன் நுனியில் என் பொய்யை ஒட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"காத்து எவ்வளவு?" என்று தலைமை நடுவர் மறுபடி கேட்டார்.

"நான் அழுத்தலைங்க."

"என்னது?"

"பொத்தானை அழுத்த மறந்துட்டேன். காத்து கணக்கு இல்லை."

பிறகு ஒலிபெருக்கி கனைத்துக்கொண்டு சொன்னது, காற்று அளவு பதிவாகாததால் சாதனை ஏற்கப்படாது என்று. ஸ்டாண்டிலிருந்து வந்த கூச்சல் காது கொடுத்துக் கேட்க முடியாதது. அத்தனையும் எனக்குத்தான்.

அக்காக்காரி வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். முழங்கால் போனவளாம்.

"மணல்குழி மெஷின் பக்கத்துலயே ஓடிட்டுதானே இருந்துச்சு? அதை எடுத்துக்கோங்க."

"அது அவங்க தாண்டுறதுக்கு அஞ்சு செகண்டு அளக்குறது. இதுக்குச் செல்லாது" என்றார் தலைமை நடுவர். ஓடி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அப்ப இந்தம்மாவை எழுப்புங்க. ரெண்டு தடவை. என் தங்கச்சி கையில கிடைச்சதை ரெண்டு தடவை தட்டிவிட்டுட்டாங்க. சாயந்திரம் இவங்க இங்க உக்காரக் கூடாது."

நான் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. தீக்குச்சி தள்ளி, தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போனேன். பேசக் கூடாது என்ற விதி அன்றைக்கு எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

"மன்னிச்சுக்கோம்மா. வேற காரணம் சொல்ல ஒண்ணும் இல்லை. உன்னைப் பாத்துட்டு இருந்தேன். மறந்துட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். தாடை இறுகியிருந்தது, கண் சிவந்திருந்தது. பிறகு அக்காவிடம் திரும்பினாள்.

"ஃபைனல் எத்தனை மணிக்கு?"

"அஞ்சே கால். ஆனா முதல்ல இவங்களை…"

"அவங்களே உக்காரட்டும்."

"பைத்தியமாடி உனக்கு?"

"அவங்க ஒரு நம்பர் சொன்னா ஊரே நம்பும்க்கா. இன்னைக்கு இல்லாததை இல்லைன்னு சொல்லியிருக்காங்க. வேற யாரு சொல்லுவா?" என்றாள். ஸ்பைக்ஸை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தாள்.

இந்தக் கால்கள் ஒரு அதிசயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கால்கள் ஒன்றுமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஐந்தே காலுக்கு அவள் நாலாவது லேனில் வந்து நின்றாள். நான் துப்பாக்கிக்காரரின் கையைப் பார்த்தேன். அந்தக் கையைத் தவிர உலகத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. புகை. அழுத்தினேன். பெட்டியில் விநாடிகள் ஓடத் தொடங்கின. தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டமாகக் கால்கள் வந்தன. அவள் கால் சத்தம் முன்னால் வந்தது, "ஹ்ம்" என்ற மூச்சு வந்தது, போய்விட்டது. மற்றவர்கள் பின்னால் போனார்கள். நான் நிமிரவில்லை.

பத்து விநாடி. கூட்டல் பூஜ்யம் புள்ளி மூன்று. தங்கமான காற்று. யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எழுதினேன், சொன்னேன், அப்புறம்தான் பலகையைப் பார்த்தேன்.

பதினொன்று புள்ளி இரண்டு இரண்டு.

முதல் இடம்தான். பதக்கமும் அவளுக்குத்தான். ஆனால் நூறில் இரண்டு பங்கு விநாடி அதிகம். மைதானம் முழுக்க "ப்ச்" என்று ஒரே சத்தம் எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தையில் நாலு ஆம்பளைகள் சேர்ந்து கத்தினாலும் அசையாதவள், ஒரு முக்காலியைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். மணல்குழிக்காரர் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்று கைக்குட்டையை நீட்டினார்.

பரிசு கொடுத்து, படம் எடுத்து, கூட்டம் கலைந்தது. வெளிச்சம் இருக்கும்போதே கழற்றிவிடலாம் என்று குழாயைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். தீக்குச்சி வெறுங்காலோடு வந்தாள். பதக்கம் கழுத்தில்தான் இருந்தது. என் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். அரசாங்கச் சொத்து, உட்காரக் கூடாது. நான் வாயைத் திறக்கவில்லை. அக்காக்காரி கூடவே வந்தவள், எனக்கு முகம் கொடுக்காமல் நாலடி தள்ளி நின்றாள்.

"சொல்லுங்க" என்றாள் தீக்குச்சி.

"என்னத்தைச் சொல்ல?"

"காலையில ஓடினது. யாரோ ஃபோன்ல எடுத்து வச்சிருக்காங்க, பாத்தேன். ஸ்டாண்டு உச்சியிலேர்ந்து எடுத்தது, எறும்பு மாதிரி தெரியுது. நீங்க கிட்ட இருந்து பாத்தீங்கல்ல. அது இனிமே எந்த லிஸ்ட்லயும் இருக்காது. உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. எப்படி இருந்துச்சு?"

உறையைக் கீழே வைத்துவிட்டேன்.

"முதல்ல நீ தலையே தூக்கலை. தரையைப் பாத்தே வந்தே. பத்துப் பன்னெண்டு அடி இருக்கும். அப்புறம் மெதுவா நிமிர்ந்தே. நிமிர்ந்தப்போ மத்த ஏழு பேரும் உனக்குப் பின்னால போயாச்சு. அவங்க எல்லாரும் கஷ்டப்பட்டு ஓடினாங்கம்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டு, கழுத்து நரம்பு புடைச்சுக்கிட்டு. உன் முகத்துல ஒண்ணுமே இல்லை. வீட்டுல தனியா உக்காந்து துணி மடிக்கிறவ முகம் மாதிரி இருந்துச்சு. கன்னம் மட்டும் ஆடுச்சு."

அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கிட்ட வந்தே. எப்பவும் என்னைத் தாண்டுற இடத்துல ஒரு மூச்சு விடுவே, பதினெட்டு வருஷமா கேட்டிருக்கேன். காலையில அது இல்லை. மூச்சு தேவைப்படாத மாதிரி போனே. கால் தரையில பட்டதை நான் பாத்தேன், ஆனா பட்ட இடத்துல நீ இல்லை. எனக்குப் பயமா இருந்துச்சு, நிஜமாத்தான். ஒரு மனுஷி இப்படிப் போவாளான்னு. எனக்குக் கை இருக்கிறது மறந்துபோச்சு. மெஷின் மறந்துபோச்சு. எங்க வீட்டுக்காரர் பேரைக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

தீக்குச்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் அவள் முதுகில் கை வைத்தேன். எலும்பும் சூடுமாக இருந்தது.

பின்னாலிருந்து அக்காக்காரியின் குரல் கேட்டது. அவளுக்கு அவ்வளவு சின்னக் குரல் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தாள்.

"இவ ஓடும்போது நான் பாக்கிறதில்லை. பயம். சின்ன வயசுலேர்ந்து துப்பாக்கி வெடிச்சதும் கண்ணை மூடிக்குவேன். இன்னைக்கும் மூடிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

நானும் உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.